பச்சைத் துணி கட்டிய வீடு

எங்கள் காம்பவுண்டில் பச்சைத் துணி கட்டிய வீட்டுக்குள் நுழைகிறவர்கள், செருப்பைக் கழற்றும்போதே கெட்ட சேதியையும் கழற்றி வாசலில் விட்டுவிட வேண்டும். இது கம்பெனி போட்ட சட்டமில்லை. திருப்பூர்க்காரர்கள் நாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. முன்பெல்லாம் அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகுவார்கள், பார்த்த ஆள் பேசாமல் ஒதுங்கிப் போவார். அந்த மாதிரி, கண் ஆபரேஷன் முடிந்து வந்த வீட்டு நிலையில் ஒரு பச்சைத் துணி. உள்ளே இருக்கிறவளிடம் நல்லதைப் பேசு, இல்லாவிட்டால் வாயை மூடு என்று அர்த்தம்.

வாயை மூடு என்பதுதான் எனக்குக் கொஞ்சம் சிரமம்.

என் பேர் வர்ஷினி. இந்த வயதுக்கும் இந்த உடம்புக்கும் பொருந்தாத பேர்தான். நான் பிறந்த காலத்தில் தெருவுக்கு நாலு ஷினி இருந்தார்கள், எல்லாருக்கும் இப்போது முழங்கால் வலி. காம்பவுண்டில் முதல் வீடு என்னுடையது. கேட்டைத் திறந்து யார் வந்தாலும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். இந்த இடத்தை நானாகக் கேட்டு வாங்கவில்லை, ஆனால் கிடைத்ததை வீணாக்கியதும் இல்லை. என் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் அடுத்த வீடு நிரஞ்சனாவுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் நித்தின் சாயப் பட்டறையில் பாய்லர் பார்க்கிறான். பிள்ளை குட்டி இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும், இந்தக் கதைக்கு வேண்டாம்.

துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று காமிரா பார்க்க ஆரம்பித்தபோது செக்கிங் பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச வருஷம் போனதும் வெளிநாட்டுப் பணக்காரர்களுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தது. மெஷின் பார்த்த பனியன் வேண்டாமாம். மனுஷக் கண் பார்த்து அனுப்பியது என்று கழுத்தில் லேபிள் இருக்க வேண்டுமாம். அதே சமயம் மெஷின் பார்க்கிற அளவுக்குத் துல்லியமும் குறையக் கூடாதாம். இரண்டும் வேண்டுமென்றால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? மனுஷக் கண்ணை எடுத்து மெஷின் மாதிரி ஆக்க ஆரம்பித்தான். லேசரை வைத்துக் கருவிழியின் மேல்பக்கத்தைச் சீவிவிட்டு, அவரவர் உடம்பிலிருந்தே எடுத்து வளர்த்த படலம் ஒன்றை அதன்மேல் படிய வைக்கிறார்கள். படலம் இறுகிவிட்டால் ஒற்றை நூலிழையில் பாதி அறுந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். செலவு கம்பெனியுடையது. கண் உன்னுடையது.

நிரஞ்சனாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஷெரின் என்று ஒரு பெண்ணும் கூட வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. நான் சுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

"கண்ணைக் கசக்கவே கூடாது. அரிச்சாலும் கூடாது," என்றாள் ஷெரின். "தூங்கறப்போ கண்ணுமேல இந்தக் கிண்ணியை வெச்சு பிளாஸ்திரி ஒட்டிடுங்க, தூக்கத்துல கை தானாப் போகும். மல்லாக்கத்தான் படுக்கணும்."

"இவளுக்குக் குப்புறப் படுத்தாத்தானுங்க தூக்கமே வரும்," என்றான் நித்தின்.

"கொஞ்ச நாளைக்கு வராதுன்னு வெச்சுக்கோங்க. தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. மை வேண்டாம், பவுடர் வேண்டாம். குடம் கிடம் தூக்கக் கூடாது. வெயில்ல தூசியில போனா கண்ணாடி. ஒரு மருந்து விட்டு, சித்த நேரம் பொறுத்து அடுத்த மருந்து. அடுத்தடுத்து விட்டா ரெண்டும் கன்னத்துல வழிஞ்சிடும். பாட்டில் முனை கண்ணுல படக் கூடாது. போன்ல பேசலாம், திரையைப் பார்க்கக் கூடாது. டிவியும் அப்படித்தான், காதால கேட்டுக்கோங்க."

"அடுப்படி வேலைங்க?" என்றாள் நிரஞ்சனா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தே பேசினாள்.

"தாளிக்கற புகை முகத்துல அடிக்காம இருந்தாப் போதும். வெங்காயம் உரிச்சாக்கூடத் தப்பில்லை."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "அழுகக் கூடாதுங்கறாங்க, வெங்காயம் உரிக்கலாமாக்கும்?"

"அது அழுகை இல்லீங்களே அக்கா. வெங்காயத்துக்கு வர்ற தண்ணி வேற, மனசு கலங்கி வர்ற தண்ணி வேற. இதுல ஒரு சத்து கூடுதலா இருக்கு. படலம் இறுகறதுக்குள்ள அது பட்டுச்சுன்னா கரைச்சிடும். சமமாவும் கரையாது, மேடு பள்ளமாக் கரையும்."

"கரைஞ்சா மறுபடி வெச்சு விடறது."

"மறுபடி வெக்க அங்கே ஒண்ணும் மிச்சமிருக்காதுங்க. சீவ வேண்டியதெல்லாம் சீவியாச்சு."

மூணாவது தெருப் பிரியங்காவை எங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த கையோடு மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். பெண்ணை அனுப்பும்போது எல்லாத் தாயும் செய்கிறதைச் செய்தாள். இப்போது ஈரப் பாலிதீன் பை வழியாகப் பார்க்கிற மாதிரி உலகம் தெரிகிறதாம். மகள் வந்தால் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறாள்.

"அப்ப சிரிக்கலாமல்ல?" என்று ஷெரினைக் கேட்டேன்.

அவள் அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தாள். "கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கக் கூடாதுங்க அக்கா. நீங்க கொஞ்ச நாளைக்கு அளவாப் பேசினா நல்லது."

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

படலம் இறுகுவதற்கு ஏழு வாரம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் அதை ஒரு மண்டலம் என்று ஆக்கிவிட்டார்கள். மாலை போட்ட மாதிரி. நித்தின் நிலையில் பச்சைத் துணியைக் கட்டினான்.

இதில் நிரஞ்சனாவின் அம்மாவுக்குச் சம்மதமே இல்லை. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பம். வளர்மதி என்று பேர். அந்தக் காலத்துப் பழைய தறி நாலை ஒண்டியாளாக ஓட்டிக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, நல்லா இருக்கியா என்று கேட்டாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணைக் கழட்டிக் கம்பெனிக்காரன் கையில குடுக்கறயா புள்ள?"

"கழட்டறதில்லைம்மா. நானும் உன்ன மாதிரி தறியில நின்னு சாகோணுமா?"

"சாகறேன், சாகறேன். உன்ற கையில பால் வாங்கிக் குடிச்சுட்டுச் சாகறனா பாரு."

வளர்மதியக்கா தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டாள். மகள் வீட்டுச் சோற்றில் கை வைக்காமல் போவது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஆபரேஷன் முடிந்ததும் பொழுதோட, சாயங்கால மருந்து விடுகிற நேரத்துக்கு, தினமும் போன் மட்டும் வந்துவிடும். "என்ன, கண்ணு இருக்குதா, போச்சா?" அதுதான் நலம் விசாரிப்பு. மகளும் தாயும் கொஞ்ச நேரம் வெடுக்கு வெடுக்கென்று பேசிவிட்டு வைப்பார்கள். நடந்த சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வளர்மதியக்கா தறிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். நெஞ்சு வலி. தறி ஓடிக்கொண்டே இருந்ததால், ஆள் நின்று வேலை பார்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நித்தின் பட்டறையிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். "அக்கா, உங்ககிட்டத்தானுங்க முதல்ல சொல்றேன்," என்றான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "உங்க வாயை அடைச்சுட்டாத்தானுங்க மத்த வாயெல்லாம் அடையும்," என்றான்.

"அடப்பாவி, பெத்தவ செத்துக் கிடக்கறா. மக வாய்க்கரிசி போட வேண்டாமா?"

"போட்டா அழுவாளுங்க."

"அழுகட்டும். வேற எதுக்குடா அழுகறது?"

"அழுதா அப்புறம் யார் முகத்தையும் பார்க்க மாட்டாளுங்க அக்கா. என் முகத்தையும்தான்." அவனுக்குப் படலம் கிடையாது, அழுதான். "கவின்கிட்டப் பேசிட்டேனுங்க. அம்மாதான் போயிடுச்சு, அக்கா கண்ணாவது இருக்கட்டும்ங்கறான்." கவின் நிரஞ்சனாவின் தம்பி, சோமனூரிலேயே இருப்பவன்.

பட்டறையில் பாய்லர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு நித்தின் போனான். சொந்தக்கார உறம்பரை வீட்டில் நிச்சயதார்த்தம் என்று சொல்லிவிட்டு நான் போனேன். பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு இழவுக்குப் போனது திருப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், மாற்றுச் சேலையைப் பையில் வைத்து பஸ் ஸ்டாண்டில் மாற்றினேன். வளர்மதியக்காவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது, திட்ட ஆரம்பித்து நடுவில் நிறுத்தின மாதிரி. மகள் போட வேண்டிய அரிசியைச் சித்தி மகளை வைத்துப் போடச் சொன்னார்கள். "மக வரலையா, மக வரலையா" என்று கூட்டத்தில் கசகசவென்று பேச்சு. கம்பெனி ஆபரேஷன் என்று கவின் சொன்னதும் எல்லாரும் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். வீட்டுக்கு வீடு பச்சைத் துணி கட்டுகிற காலத்தில் அது போதுமான காரணம். நான் நன்றாக அழுதேன். எனக்கென்ன, பழைய கண்.

அன்றைக்குப் பொழுதோட நிரஞ்சனா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கவில்லை. அவளாகக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. "அம்மாவுக்கு இன்னும் கோவம் போகலைங்க அக்கா. ஒரு வாய் சோறு திங்காமப் போச்சல்ல," என்றாள். உதடு நடுங்கியது. நித்தின் பதறி, தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் வெளியே வந்து ஷெரினைக் கூப்பிட்டான்.

செத்தவர்கள் குரலில் மெஷினே பேசும், நிறைய வீட்டில் செய்கிறார்கள், பழைய பதிவு கொடுங்கள் என்றாள் ஷெரின். எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு மெஷின் இருக்கிறது. ஆனால் வளர்மதியக்கா வாழ்நாளில் விட்டுச் சென்ற பதிவெல்லாம் "எடு போனை" என்பது ஒன்றுதான். கவின் தேடிப் பார்த்தான். ஏழெட்டு இடத்தில் எடு போனை, எடு போனை. அதை வைத்துக்கொண்டு மெஷின் எத்தனை நாள் பேசும்?

நித்தின் என்னைப் பார்த்தான். சூப்பர்வைசர் மாதிரி, மேல்வீட்டுக்காரி மாதிரி, வீட்டு ஓனர் மாதிரியெல்லாம் நான் பேசிக் காட்டி அவனும் சிரித்திருக்கிறான்.

"ஆகாது சாமி," என்றேன். "செத்தவ குரல்ல பேசினா எனக்கு நல்ல சாவு வராது."

சொன்னேனே ஒழிய, அன்றைக்கே குளியலறையில் நின்று பேசிப் பார்த்துக்கொண்டேன். தொண்டையைக் கரகரவென்று ஒரு தடவை செருமிவிட்டு, தறிக்கு மேலே கத்துகிற மாதிரி எடுக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

நித்தின் சோமனூரிலிருந்து வளர்மதியக்கா போனை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தான். பொழுதோட அடுப்படிக் கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் செருகி, மூலையில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

"என்ன புள்ள, கண்ணு இருக்குதா?"

அந்தப் பக்கம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "அம்மா," என்றாள். "எங்கேம்மா போயிருந்தே?"

"போன் கெட்டுப் போச்சு. கவின் இன்னிக்குத்தான் சரி பண்ணிக் குடுத்தான்."

"சரிம்மா."

இரண்டொரு வார்த்தை பேசிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் ஒரு ஆள் மனசைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. "பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருக்கறாளே, வர்ஷினின்னு, அவ ஆளு எப்படி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அதும்மா, கேட்டுல பூனை வந்தாலும் ஜன்னலுக்கு வந்துரும். எந்த வீட்டுல எத்தனை முட்டை வாங்கறாங்கன்னு தெரியும். வாய்க்குத் தாழ்ப்பாளே கிடையாது. தனியாக் கிடக்குது பாவம், அடுத்தவங்க வீட்டுக் கதையில குடியிருக்குது."

அம்மா என்கிற முறையில் நான் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அவளுக்கு வழக்கம்போல் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கத்தைவிட ஒன்று குறைத்துத்தான்.

தினமும் பேசினோம். மருந்து விட்டுக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்துகொள்வாள். நித்தின் வெளியே வாசல்படியில் உட்கார்ந்துவிடுவான். முதலில் ஊர்க்கதை பேசினாள். போகப் போகப் பழைய கதைக்கு வந்தாள். படிப்பை நிறுத்திச் செக்கிங்குக்கு அனுப்பின அன்றைக்கு அவள் தறிக்கூடத்து வாசலில் நின்று அழுதாளாம், அம்மா தறியை நிறுத்தவே இல்லையாம். "நிறுத்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமில்லம்மா," என்றாள். நான் என்ன சொல்வேன்? வளர்மதியக்கா ஏன் நிறுத்தவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தன் அழுகையை மகள் பார்க்கக் கூடாது என்றுதான் திரும்பாமல் நின்றாளோ என்னவோ. "நூல் அறுந்துரும்னு தறியிலயே நின்னுட்டேன் சாமி," என்றேன்.

இன்னொரு நாள், "அம்மா, நான் உன்ன மாதிரி தறியில நின்னு சாகோணுமான்னு கேட்டது தப்பும்மா," என்றாள்.

"அதெல்லாம் விடு சாமி. நான் அப்பவே மறந்துட்டேன்."

"மறந்துட்டயா?"

"ஆமா கண்ணு."

"சரிம்மா," என்றாள். "நீ மறந்துட்டீன்னா சரி."

இப்படியாக, வளர்மதியக்காவுக்கு முப்பதாம் நாள் கும்பிட்டு முடிந்தும் அவள் தினம் பொழுதோட என் அடுப்படி மூலையில் உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். காம்பவுண்டில் எல்லாருக்கும் தெரியும். குழந்தைகள் உட்பட யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் காம்பவுண்டில் ஒரு ரகசியம் இத்தனை நாள் தாங்கினது அதுதான் முதல் தடவை. அதில் பாதிப் பெருமை எனக்குச் சேர வேண்டும், யாரும் சொல்லவில்லை.

மண்டலம் முடிந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். படலம் முழுசாக இறுகிவிட்டதாம், ஒரு மேடு பள்ளம் இல்லையாம். நித்தின் பச்சைத் துணியை அவிழ்த்து மடித்து உள்ளே வைத்தான். சோமனூரிலிருந்து கவின் வந்தான், கூடச் சித்தியும் சித்தி மகளும். அம்மாவுக்கு எடுத்த மொட்டையில் அவனுக்கு முடி அரை விரற்கடை வளர்ந்திருந்தது. நிரஞ்சனாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். கண்ணாடி இல்லாத அவள் கண்ணை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் அவள் நம்மைப் பார்க்கும்போது, துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் மேல்உதட்டுப் பூனை முடியை முந்தானையால் மறைத்துக்கொண்டேன்.

கவின் அவள் காலடியில் உட்கார்ந்தான். "அக்கா, ஒண்ணு சொல்லோணும். மனசைத் திடப்படுத்திக்க."

"அம்மா செத்துப் போச்சு. அதானே?" என்றாள்.

அடுப்பில் டீ கொதித்து வழிந்தது, சித்தி மகள் எழுந்து போய் அணைத்தாள்.

"எப்பத் தெரியும் நிரு?" என்றான் நித்தின்.

"முதல் நாளு போன் வந்ததே, அப்பவே தெரியும். எங்கம்மா போனை எடுத்தா முதல் பேச்சே குத்தம்தான். போகப் போக உறுதியாயிருச்சு. ஒரு நாளாவது என்னைச் சாமின்னு கூப்பிட்டிருக்குதா? நான் சொன்ன பேச்சை மறக்கற மனுசியா அது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. "அதுவுமில்லாம, முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரி எப்படின்னு கேட்டுச்சு. எங்கம்மாவுக்கு உங்க பேரே தெரியாதுங்க அக்கா."

பூமி பிளக்கும் என்று பார்த்தேன். பிளக்கவில்லை.

"தெரிஞ்சும் எப்படிப் புள்ள தினமும் பேசினே?" என்றாள் சித்தி.

"கேட்டா அம்மா செத்துரும். கேக்காம இருந்தா இருக்கும். அதுவும் போக, நீங்க இத்தனை பேரு என் கண்ணுக்காகப் பொய் சொல்லிட்டுத் திரியறீங்க. நான் பாட்டுக்கு அழுதுட்டா?" கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அழுகாம இருக்கறதையே ஒரு வேலையா வெச்சுக்கிட்டேன். காலையில எந்திரிச்சதும் அந்த வேலை. வேலை நல்லாத்தான் செய்வேன், கம்பெனியில கேட்டுப் பாருங்க."

"இப்ப அழு சாமி," என்றான் நித்தின். "இனி ஒண்ணும் ஆகாது. டாக்டர் சொல்லிட்டாரு."

எல்லாரும் காத்திருந்தோம். சித்தி மூக்கை உறிஞ்சி ஆரம்பித்து வைத்துப் பார்த்தாள். ஆனால் அவள் அழ வேண்டியதெல்லாம் போன மாசமே அழுது, தலை முழுகி, காரியச் சோறும் தின்று முடித்தவள். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. கவின் கண் காய்ந்திருந்தது. எங்கள் எல்லாருக்கும் அது பழைய சாவு. அவளுக்கு மட்டும் அன்றைக்குத்தான் புதுசு, கூட உட்கார்ந்து அழ ஆளில்லை. நிரஞ்சனா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வரலைங்க," என்றாள்.

"முகத்தைப் பார்த்தா வரும்," என்று கவின் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தான். பாடை எடுக்கிறதுக்கு முந்தி, நாற்காலியில் உட்கார வைத்தபோதே அக்காவுக்காக என்று எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தான். மண்டலம் முழுக்க அவள் திரையைப் பார்க்காததால் அதுவரை காட்ட வழியில்லை. மடியில் வைத்தான். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வளர்மதியக்கா, மாலை, நெற்றியில் காசு, லேசாகத் திறந்த வாய். எல்லாம் தெளிவாக இருந்தது.

நிரஞ்சனா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"அம்மா எங்கடா இருக்குது?"

"இதோ, நடுவுல. அதான்க்கா முகம்."

"சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி, நீலப் புள்ளி," என்றாள். "வரிசை வரிசையா இருக்குது. வேற ஒண்ணும் தெரியலைடா."

தள்ளி வைத்துப் பார்க்கச் சொன்னோம். கவின் டேபைப் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் போனான், பிறகு வாசல் தாண்டிப் போனான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மாலை போட்டு வைக்கக் கொண்டு வந்திருந்த போட்டோவை எடுத்துக் கொடுத்தான். "இது மைப் புள்ளி," என்றாள். விரலால் கண்ணாடிமேல் தடவித் தடவி எங்கே மூக்கு, எங்கே வாய் என்று தேடினாள்.

நித்தின் ஷெரினைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டான். "சிலருக்கு அப்படி வருதுங்க," என்றது ஷெரின் குரல். "கண்ணு புள்ளியைப் பிடிச்சுக்குது. அதையெல்லாம் சேர்த்து முகமாப் பார்க்க மூளை பழகணும். சிலருக்கு ஒரு வருஷம் ஆகுது."

"மீதிச் சிலருக்குங்க?" என்றான் நித்தின்.

ஷெரின் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள். "நேர்ல இருக்கற மனுசங்களைப் பார்க்க ஒரு தொந்தரவும் இருக்காதுங்க. படம்தான். வேலைக்கு இதனால பாதிப்பே கிடையாது. உண்மையைச் சொன்னா, புள்ளியைப் பிடிக்கற கண்ணுதான் செக்கிங்குக்கு ரொம்ப நல்ல கண்ணுன்னு கம்பெனியில சொல்றாங்க."

நேரில் இருக்கிறவர்களைப் பார்க்கலாம். வளர்மதியக்கா கடைசியாக முகம் காட்டி உட்கார்ந்திருந்த அந்த ஒரு நாளில் நாங்கள் பாய்லர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டுப் போனோம். நித்தின் போனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றான். கவின் டேபைப் பையில் வைத்தான். சித்திக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டீ குடித்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். புதுக் கண்ணோடு முதல் நாள். சூப்பர்வைசர் கை தட்டினானாம்.

பொழுதோட நான் முன்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருந்தெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. ஆனால் மருந்து விடுகிற அதே நேரத்துக்கு அலமாரிமேல் வளர்மதியக்கா போன் அடித்தது. நித்தின் அதைத் திருப்பி வாங்க மறந்திருந்தான். நானும் ஞாபகப்படுத்தவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எழுந்து பத்தடி வைத்தால் அவள் வீட்டு வாசல், நேரிலேயே போய்ப் பேசியிருக்கலாம். எழுந்தேன். போனைத்தான் எடுத்தேன். அடுப்படிக்கும் போகவில்லை, கதவையும் சாத்தவில்லை.

"அம்மா," என்றாள்.

தொண்டையைச் செருமினேன். "ம்."

"நீ செத்துப் போயிட்டீன்னு சொல்றாங்கம்மா."

நாற்காலியில் சாய்த்து வைத்த அந்த முகமும், பாதி திறந்த வாயும்தான் முன்னால் வந்து நின்றன. அந்த வாய் சொல்ல வந்ததை நான் சொன்னேன். தறிக்கு மேலே கேட்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கட்டும் என்று குரலை எடுத்தேன்.

"ஆமா புள்ள, செத்துத்தான் போனேன். ஊரே வந்து நின்னுச்சு, பெத்த மக நீ எங்க போயிருந்தே? ஒரு பிடி அரிசி போட உனக்குக் கை இல்லாமப் போச்சா? யாரோ பெத்த புள்ளையைக் கூப்பிட்டுப் போடச் சொல்றாங்க, நான் வாயைத் திறந்துட்டு உனக்காக உக்காந்திருந்தேன் பாரு."

ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அழுகை வந்தது. சுவர் வழியாக முதலில் வந்தது. போனில் ஒரு இழை பிந்தி வந்தது.